ஓர் இலட்சம் ரூபாவுக்கு ஒரு பேனாக்கத்தியா?

அந்தக் காலத்து மொத்த வியாபாரிகளின் இடுப்பிலோ சட்டைப் பையிலோ ஒரு பேனாக்கத்தி கட்டாயம் இருக்கும். சாக்கின் தையலைப் பிரித்து அரிசியைக் கையில் அள்ளிப் பார்க்கவும், பொதி கட்டிய கயிற்றை அறுக்கவும் அது வேண்டும். சரக்கைக் கண்ணால் பாராமல் காசு எண்ணிக் கொடுக்காத தலைமுறை அது.

இன்று அதே பேனாக்கத்தி வேறு வேஷத்தில் வந்திருக்கிறது. புடவைக் கடை நடத்தும் இளைஞர் ஒருவர் அண்மையில் என்னிடம் அபிப்பிராயம் கேட்டார். அமெரிக்கத் தயாரிப்பான மடக்குக் கத்தி, விலை 400 டொலருக்கும் மேல். "நானா, ஒரு தடவை வாங்கினா வாழ்நாள் முழுக்க வரும் எண்டு சொல்றாங்க. வாங்கட்டா?" என்றார். டொலர் 300 ரூபா என்று வைத்துக்கொண்டால் 120,000 ரூபா. அனுப்புக் கூலி, சுங்கத் தீர்வை வேறு. 2022 மார்ச் மாத ஆரம்பத்தில் டொலர் 200 ரூபாவளவில் இருந்தபோது இதே 400 டொலர் 80,000 ரூபாதான். மிகுதி 40,000 ரூபா கத்தியின் தரத்துக்காகக் கொடுப்பதல்ல, எமது ரூபா விழுந்ததற்காகக் கொடுப்பது.

நான் இரும்புச் சாமான் வியாபாரி. கத்தி விற்பவன் கத்தி வாங்காதே என்று சொல்வது தொழிலுக்குக் கூடாது. ஆனாலும் இந்த விடயத்தில் கணக்குப் பார்த்துத்தான் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த விலைக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். ஏமாற்று என்று ஒரேயடியாக ஒதுக்கிவிட முடியாது. இந்த ரகத்தில் பேர்போன 'செபென்ஸா' கத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். தென்னாபிரிக்காவிலிருந்து அமெரிக்கா சென்று குடியேறிய கிறிஸ் ரீவ் என்பவர் உருவாக்கியது. செபென்ஸா என்றால் சூலு மொழியில் வேலை என்று அர்த்தம். பிடி டைட்டேனியம். அலகைத் திறந்ததும் மடங்காமல் பிடித்து வைக்கும் பூட்டு தனித் துண்டல்ல, அந்த டைட்டேனியம் பிடியிலேயே வெட்டி எடுக்கப்பட்டது. திறந்து மூடினால் ஆட்டம் இல்லை, உரசல் இல்லை. கையில் எடுத்தவருக்குக் கீழே வைக்க மனம் வராது. அதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்தது உருக்கு. விலை கூடிய கத்திகளில் பெரும்பாலும் தூள் முறையில் தயாரித்த உருக்கு வரும். 2001இல் வெளிவந்த எஸ்30வி அதில் பிரபலமானது. அதற்குள் வனேடியம் காபைட் துகள்கள் இருக்கின்றன. நாங்கள் கடையில் விற்கும் சாதாரண சாணைக்கல்லை விட அந்தத் துகள்கள் கடினமானவை. அதனால் கூர் நீண்ட காலம் நிற்கும். விற்பவர் இதோடு நிறுத்திக்கொள்வார். மீதியை நான் சொல்கிறேன். கூர் போன பிறகு அதை மீண்டும் தீட்ட வைரத் துகள் பதித்த தகடு வேண்டும், பொறுமையும் வேண்டும். சந்தியில் சக்கரம் சுற்றும் சாணைக்காரரிடம் கொடுத்தால் தீப்பொறி பறக்கச் சூடேற்றித் தருவார். சூடேறிய விளிம்பு நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் உருக்கின் கடினம் போய்விட்டது என்று பொருள். 120,000 ரூபாக் கத்தி 50 ரூபாக் கத்தியாக இரண்டு நிமிடம் போதும்.

இந்த இடத்தில்தான் சுவிஸ்காரரின் கெட்டித்தனம் தெரிகிறது. கார்ல் எல்செனர் 1884இல் சுவிட்சர்லாந்தின் இபாக் கிராமத்தில் தொடங்கிய பட்டறைதான் இன்றைய விக்டோரினொக்ஸ். 1897இல் அவர் பதிவு செய்த அதிகாரிகள் கத்திதான் உலகமெங்கும் போன சிவப்புக் கத்தியின் மூலம். அவர்கள் வேண்டுமென்றே ஓரளவு மென்மையான உருக்கைப் பாவிக்கிறார்கள். கூர் சீக்கிரம் மழுங்கும், ஆனால் எந்தச் சாதாரண கல்லிலும் ஐந்து நிமிடத்தில் திரும்பி வரும். துருவும் இலேசில் பிடிக்காது. பிரான்ஸின் ஒபினெல் 1890 முதல் மரப்பிடியோடு வருகிறது. விலை இன்னும் குறைவு, வெட்டு அருமை. ஆனால் எமது கரையோரக் காற்றில் அதன் மரம் ஈரம் குடித்து ஊதி, அலகு வெளியே வர மறுக்கும். காபன் உருக்கு ரகம் என்றால் துருவும் சேரும். வாங்குவதென்றால் துருப்பிடிக்காத ரகத்தைப் பார்த்து வாங்குங்கள்.

இனி கணக்கு. விற்பவர் சொல்வது இதுதான்: 120,000 ரூபாவை 20 வருடத்துக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 16 ரூபா சொச்சம், ஒரு பிளேன்டியின் விலைகூட இல்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கத்தி 20 வருடம் உங்கள் பையில் இருக்குமா? கடையில் கைமாறும் பொருட்களில் முதலிடம் பேனைக்கு, அடுத்த இடம் கத்திக்கு. பையன் வாங்கிக் கொண்டு போவான், பெயின்ற் தகரத்தின் மூடியைக் கிளப்புவான், நுனி உடையும். அந்த உடைவுக்கு எந்த உத்தரவாதமும் செல்லாது. உத்தரவாதம் தயாரிப்புக் குறைக்கு மட்டும்தான். அதையும் பெற, கத்தியைக் கடல் கடந்து அனுப்பி, திரும்பி வரும்போது சுங்கத்தில் விளக்கம் சொல்ல வேண்டும். சுமார் 45 டொலருக்கு ஒரு நல்ல சுவிஸ் கத்தி வரும், எமது காசில் 13,500 ரூபா. எட்டைத் தொலைத்து விட்டாலும் அந்த 120,000இல் மிச்சம் இருக்கும்.

அமெரிக்காவில் செபென்ஸாவைப் பழையதாக விற்றாலும் நல்ல விலை போகும் என்பது உண்மை. அங்கே அதற்கென்று சந்தை இருக்கிறது. இங்கே யாரிடம் விற்பது?

வியாபாரத்துக்காக அடிக்கடி டுபாய், பேங்கொக், குவாங்சூ போகிறவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு கைப்பையில் கத்தி போகாது. விமான நிலையக் கடைகளை நம்பியிருந்த சுவிஸ் கத்தி வியாபாரமே அன்று ஆடிப்போனது. 2005இல் விக்டோரினொக்ஸ் தனது பழைய போட்டியாளரான வெங்கரை வாங்கிக் கொண்டது. அவசரத்தில் பையில் மறந்த கத்தி சோதனைச் சாவடிக் கூடைக்குத்தான் போகும். அதில் விழுவது 13,500 ரூபாவா 120,000 ரூபாவா என்பதுதான் கேள்வி. உள்ளூரிலும் கவனம் தேவை. 2019 மே மாதம் வாள்களையும் பெரிய கத்திகளையும் ஒப்படைக்கும்படி பொலிஸார் கேட்டபோது வீட்டுப் பாவனைக் கத்திகளுக்கு விலக்கு இருந்தது. இருந்தும் எம்மவர்கள் எவ்வளவு பதற்றப்பட்டார்கள் என்பதை மறந்துவிட முடியாது. கறுப்புப் பிடியும் இராணுவத் தோற்றமும் கொண்ட கத்தியை வாகனத்தில் போட்டு வைத்துவிட்டு, இது பெட்டி உடைக்க என்று விளக்கம் சொல்வது சிரமம். சிறிய சிவப்புக் கத்திக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை.

பெட்டி உடைப்பது பற்றியும் ஒரு வார்த்தை. கார்ட்போட் எந்த உயர்ந்த உருக்கையும் தின்றுவிடும். ஒட்டு நாடாவின் பசை அலகில் அப்பிக் கொள்ளும். தினம் நூறு பெட்டி திறக்கும் கடைக்குத் தேவை, முனையை ஒடித்து ஒடித்துப் பாவிக்கும் கட்டர். 1956இல் ஜப்பானில் ஒல்ஃபாக்காரர் கண்டுபிடித்த வித்தை அது. மழுங்கினால் ஒடித்துவிடலாம், தீட்டும் வேலை கிடையாது.

அதற்காக நடைபாதையில் கிடைக்கும் சில நூறு ரூபாக் கத்தியை வாங்குங்கள் என்று சொல்லவில்லை. அவற்றின் பூட்டு அழுத்தத்தில் வழுக்கி, அலகு விரல் மீதே மடங்கும். என்னைக் கேட்டால் கடைக்குக் கட்டர், முதலாளியின் பைக்கு சுவிஸ் கத்தி. இதற்கும் மேல் ஆசைப்பட்டால் வாங்கலாம், தப்பில்லை. இரண்டு இலட்சத்துக்குக் கைக்கடிகாரம் கட்டும் ஊரில் கத்தியை மட்டும் குறை சொல்வானேன்? ஆனால் அதைக் கடைச் செலவில் எழுத வேண்டாம். சொந்தப் பற்றில் எழுதுங்கள். கடையின் முதலில் 120,000 ரூபா குறைந்ததை வருடக் கடைசியில் ஏட்டில் பார்க்கும்போது, அடுத்த கத்திக்கு மனம் தானாகவே யோசிக்கும்.

வாங்கும் இடத்திலும் கண் வேண்டும். சுவிஸ் கத்திக்கும் செபென்ஸாவுக்கும் போலிகள் தாராளமாக வருகின்றன, பெட்டி உட்பட. அலகின் அடியில் பொறித்த எழுத்தை வெளிச்சத்தில் பாருங்கள். நாலைந்து தடவை திறந்து மூடி, பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். விபரம் எழுதிய பற்றுச்சீட்டைக் கேளுங்கள். அதைத் தரத் தயங்கினால் கத்தியை மேசையில் வைத்துவிட்டு ஸலாம் சொல்லி வந்துவிடலாம்.