பொருளியல் கல்வி: கணிதத்திலிருந்து தப்பும் வழியா?



ஒன்ராறியோப் பல்கலைக்கழகங்களுக்கான விண்ணப்பங்களை 12ஆம் வகுப்பு மாணவர் தை மாத நடுப்பகுதிக்குள் அனுப்ப வேண்டும். அந்நாள் நெருங்குகையில் பிறம்ரனில் உள்ள எமது இல்லங்கள் பலவற்றில் ஒரே உரையாடல்தான் நிகழ்கிறது. மருத்துவத்திற்கோ பொறியியலுக்கோ பிள்ளையின் புள்ளிகள் போதா எனத் தெரிந்ததும், "அப்படியென்றால் ஃபினான்ஸ் படிக்கட்டும், வங்கியிலே வேலை கிடைக்கும்" என்று முடிவாகிறது. பொருளியலைத் தானாகவே விரும்பும் பிள்ளைக்கோ, "அதைப் படித்து என்ன வேலை?" என்ற கேள்விதான் மறுமொழி. இவ்விரண்டும் ஒரே தவறான கணிப்பிலிருந்து பிறப்பவை என்பது என் கருத்து.

இக்கணிப்பை நாம் ஊரிலிருந்து கொண்டுவந்தோம். உயர்தர வகுப்பில் உயிரியலுக்கும் கணிதத்திற்கும் செல்ல இயலாதோர் வர்த்தகப் பிரிவுக்கும் கலைப் பிரிவுக்கும் செல்வர் என்பதே அங்கு நாம் அறிந்த படிநிலை. 1970களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தல் இதனை மேலும் இறுக்கியது. அது எமது மாணவரிடமிருந்து பறித்தவை பெரும்பாலும் மருத்துவ, பொறியியல் இடங்களே. பறிபோன பொருளின் மதிப்பு ஏறுவது இயல்பு. அந்த மதிப்பை, வேறொரு நாட்டில் பிறந்த பிள்ளைகளின் தலையிலும் ஏற்றி வைத்துள்ளோம். (நானும் பொறியியல் பட்டதாரியே. ஆகவே, எட்டாத பழம் புளித்ததென்று எவரும் கொள்ளார் என நம்புகிறேன்.)

இங்குள்ள பல்கலைக்கழகங்களில் பொருளியலுக்கும் நிதியியலுக்கும் அடித்தளம் கணிதமே. வோட்டர்லூப் பல்கலைக்கழகத்தில் நிதிப் பகுப்பாய்வும் இடர் முகாமைத்துவமும் என்ற கற்கைநெறி கணித பீடத்தினுள்ளேயே அமைந்துள்ளது. பிறம்ரனிலிருந்து வீட்டில் இருந்தபடியே சென்றுவரக்கூடிய தொலைவில் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் மிசிசாகா வளாகம் உள்ளது. அங்கே எம்மவர் பலர் அறியாத இரண்டாவது வாசல் ஒன்று உண்டு. அனுமதிக் கடிதம் கிடைத்ததும் பிள்ளை வணிகவியலிலோ நிதிப் பொருளியலிலோ சேர்ந்துவிட்டதாக நாம் இனிப்பு வழங்குகிறோம். உண்மையில் அது முதலாம் ஆண்டுக்கான அனுமதி மட்டுமே. நுண்பொருளியல், பேரினப் பொருளியல், நுண்கணிதம் ஆகிய முதலாண்டுப் பாடங்களில் எடுக்கும் புள்ளிகளைக் கொண்டே சிறப்புத் துறைக்குள் மாணவர் தெரிவு செய்யப்படுகின்றனர். கணிதத்திற்கு அஞ்சி இத்துறைக்கு அனுப்பப்பட்ட பிள்ளை தடுக்கி விழுவது இந்த வாசலில்தான். விழுந்த செய்தி பெற்றோரின் காதுக்கு எட்ட ஓராண்டும் ஆகலாம்.

அவ்வாசலைக் கடந்தாலும் கணிதம் விடாது. இரண்டாம் ஆண்டிலே புள்ளிவிபரவியல் வரும். பின்னர், தரவுகளைக் கொண்டு ஒரு கொள்கை உண்மையில் பயன் தந்ததா எனச் சோதிக்கும் பொருளியல் அளவையியல் வரும். அதற்குக் கணினி நிரல் எழுதவும் பழக வேண்டும். கணக்கியல் முடிந்துபோன கொடுக்கல் வாங்கல்களைப் பதிகிறது. நிதியியல் நாளை வரவிருக்கும் பணத்திற்கு இன்று என்ன பெறுமதி எனக் கேட்கிறது. பொருளியலோ மக்களும் அரசுகளும் ஏன் அவ்வாறு முடிவெடுக்கின்றனர் எனத் தேடுகிறது. இம்மூன்றையும் "பிஸ்னஸ் படிப்பு" என்ற ஒரே சாக்கில் நாம் கட்டி வைத்துள்ளோம்.

"என்ன வேலை?" என்று கேட்போருக்கு: 2006 முதல் 2015 வரை கனடியப் பிரதமராக இருந்த ஸ்ரீபன் ஹார்ப்பர் பொருளியலில் முதுகலைப் பட்டதாரி. 2025 இல் பிரதமரான மார்க் கார்னி ஒக்ஸ்போர்ட்டில் பொருளியல் முனைவர் பட்டம் பெற்றவர். தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ரகுராம் ராஜன், 1985 இல் டில்லி ஐ.ஐ.டி.யில் மின்பொறியியல் பட்டம் பெற்ற பின்னரே பொருளியலின் பக்கம் வந்தார். நிதிச் சந்தையின் புதுமைகள் உலகை ஆபத்தில் தள்ளக்கூடும் என 2005 இலேயே மத்திய வங்கியாளரின் மாநாடொன்றில் அவர் எச்சரித்தபோது அரங்கிலிருந்த பலர் அதனை ஏற்கவில்லை. 2008 இல் நெருக்கடி வந்தது.

எம் வீடுகளுக்குள்ளும் பொருளியல் நுழைந்துதான் இருக்கிறது. 2022 பங்குனி வரை 0.25 வீதமாக இருந்த கனடிய மத்திய வங்கியின் வட்டி வீதம், 2023 ஆடியில் 5 வீதமாயிற்று. எட்டு இலட்சம் டொலர் வீட்டுக்கடனுக்கு ஒன்றரை வீத வட்டியென்றால் ஆண்டுக்கு 12,000 டொலர். அதுவே ஆறு வீதமானால் 48,000 டொலர். மாறும் வட்டியில் கடன் எடுத்த குடும்பங்கள் இரண்டாவது வேலை தேடியது இதனாற்றான். வீட்டு முகவர்களும் கடன் தரகர்களும் எம்மிடையே நிறைய உள்ளனர். வட்டி ஏன் ஏறுகிறது என எமக்குத் தமிழில் விளக்கிச் சொல்லும் பொருளியலாளர் எத்தனை பேர்?

தாயகத்தை எடுத்துக்கொண்டாலும் அதே குறைதான். 2021 இன் பிற்பகுதியில் இலங்கை மத்திய வங்கி டொலரின் பெறுமதியை ஏறத்தாழ 200 ரூபாவில் பிடித்து வைத்திருந்தது. உண்டியலில் அதற்கு மேலாகக் கிடைத்ததால் பணம் அவ்வழியே சென்றது. 2022 சித்திரையில் அந்நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அறிவித்தது. மாதந்தோறும் ஊருக்குப் பணம் அனுப்பிய நாம், அதன் ஒரு பகுதியாக இருந்தும் நடந்ததை முழுதாக விளங்கிக்கொள்ளவில்லை.

2025 வைகாசியில் பிறம்ரனின் சிங்குவாகூசிப் பூங்காவில் தமிழின அழிப்பு நினைவுத்தூபி திறந்துவைக்கப்பட்டது. நினைவுகூர்தலோடு இழப்பைக் கணக்கிடும் பணியும் எமக்கு உண்டு. 1990 இல் மக்கள் வெளியேற்றப்பட்ட மயிலிட்டித் துறைமுகம் 2017 இலேயே விடுவிக்கப்பட்டது. அந்த 27 ஆண்டுகளின் மீன்பிடி வருமானத்திற்கு இன்றைய பெறுமதி என்ன? வலிகாமம் வடக்கில் விளையாமற்போன பயிருக்கு? நிதியியல் மாணவர் முதலாண்டுகளிலேயே கற்கும் நிகழ்காலப் பெறுமதிக் கணக்குத்தான் இதற்கும் அடிப்படை. ஆனால் எவ்வளவு பிடிக்கப்பட்டிருக்கும், என்ன விலை, எவ்வட்டி வீதம் என்பவற்றை எதிர்த்தரப்பு நிபுணரின் முன் நின்று நிறுவப் பயிற்சி பெற்றோர் தேவை. முழக்கம் அவ்விடத்தில் எடுபடாது.

ஆகவே, விருப்பமுள்ள பிள்ளையைத் தடுக்காதீர்கள். விருப்பமில்லாத பிள்ளையை இதற்குள் தள்ளாதீர்கள். நடைமுறையில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. 11ஆம் வகுப்புப் பாடங்களை மாணவர் 10ஆம் வகுப்பில் இருக்கும்போதே தெரிவு செய்கின்றனர். "சார்புகள்" என்ற பல்கலைக்கழக நிலைக் கணிதத்தை அப்போது கைவிட்டால், 12ஆம் வகுப்பில் உயர்நிலைச் சார்புகளையும், நுண்கணிதமும் காவிகளும் என்ற பாடத்தையும் எடுக்கும் நேர்வழி அடைபட்டுவிடும். பின்னர் கோடை வகுப்பும் இரவு வகுப்பும்தான். பாடசாலையின் வழிகாட்டல் ஆசிரியரைப் பிள்ளையோடு சென்று சந்திக்க உகந்த காலம் அந்தப் 10ஆம் வகுப்பே.