வெயிலுக்கு ஓர் எண் போதுமா?

பங்குனி முடிந்து சித்திரை தொடங்கும் தறுவாயில் ஆண்டுதோறும் வானிலை ஆர்வலர்களிடையே ஒரு விவாதம் எழும். இவ்வாண்டு இளவேனிலில் திருத்தணி எத்தனை டிகிரியைத் தொடும்? ஐரோப்பிய மையத்தின் கணினி மாதிரி 42 என்கிறது. அமெரிக்க மாதிரி 44 வரை போகிறது. தரையிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் நிலவும் வெப்பத்தைக் கணக்கிட்டுப் பார்ப்பவர் இரண்டும் தவறு என்கிறார். வேலூர் முந்துமா, கரூர் பரமத்தி முந்துமா என்ற கிளைவிவாதம் வேறு. மாலையில் வானிலை மையத்தின் அட்டவணை வந்ததும் யார் கணிப்பு எத்தனை புள்ளி தவறியது என்று கூட்டிக் கழித்துப் பார்க்கிறார்கள்.

இவ்விவாதங்களை ஆர்வத்தோடு பின்தொடர்பவர்கள்தான் நாம். அவற்றின் பின்னுள்ள உழைப்பில் நமக்கு மதிப்பு உண்டு. ஒருகாலத்தில் தமிழ்நாட்டில் வானிலை என்றாலே தொலைக்காட்சியில் தோன்றும் எஸ்.ஆர். ரமணனின் முகம்தான். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, பிரதீப் ஜான் போன்ற தன்னார்வலர்களின் எழுத்தை இலட்சக்கணக்கானோர் வாசிக்கத் தொடங்கினர். காற்றழுத்தத் தாழ்வும் மேற்குத் திசைக் காற்றும் வீட்டுத் திண்ணைப் பேச்சாயின. இது சிறிய சாதனை அன்று. எனினும், மழையைப் பற்றிப் பேசும்போது இவர்களிடம் இருக்கும் நுட்பம் வெயிலைப் பற்றிப் பேசும்போது ஒற்றை எண்ணாகச் சுருங்கிவிடுகிறது என்பதே நம் மனக்குறை.

திருத்தணியை எடுத்துக்கொண்டு பேசுவதற்குக் காரணம் உண்டு. முருகனின் சினம் தணிந்த இடம் என்பதால் தணிகை என்று பெயர் பெற்ற ஊர் இது. அறுபடை வீடுகளில் ஐந்தாவது. குன்று என்பதால் குறிஞ்சி நிலம்; குறிஞ்சிக்குரிய தெய்வத்தின் வீடு. தமிழ்நாட்டின் வெப்பப் பட்டியலில் முதல் சில இடங்களுக்குள் ஓயாமல் வந்துகொண்டிருப்பதும் இதே தணிகைதான். தொல்காப்பியம் பாலைக்கு வேனிலையும் நண்பகலையும் பொழுதாக வகுத்தது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்றது சிலப்பதிகாரம். கத்திரி வெயிலில் மலைப்படி ஏறும் எவருக்கும் இதற்கு உரை தேவைப்படாது. அந்தக் கத்திரி என்ற பெயரே கார்த்திகை நட்சத்திரத்திலிருந்து வந்தது என்பார்கள். கார்த்திகைக்கு அதிதேவதை அக்கினி. முருகனை வளர்த்தவர்களும் கார்த்திகைப் பெண்கள்தாம். ஆக, மே 4 அளவில் தொடங்கி 28 அளவில் முடியும் அக்கினி நட்சத்திரம் ஒருவகையில் இவ்வூர்க்காரரின் சொந்த நட்சத்திரம்.

பஞ்சாங்கத்தின் கத்திரி ஆண்டுதோறும் அதே நாட்களில் வரும். வெயிலுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. திருத்தணியின் உச்சிக்கு நேராகச் சூரியன் வருவது ஏப்ரல் கடைசி வாரத்தில். அதன்பின் வெப்பம் ஏறுவதும் இறங்குவதும் பெரும்பாலும் காற்றின் கையில் இருக்கிறது. ஊர் கடற்கரையிலிருந்து 70, 80 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. பகலில் நிலம் சூடேறியதும் கடற்காற்று உள்ளே புக முயல்கிறது. மேற்கிலிருந்து மேட்டுநிலத்தின் வறண்ட காற்று அதைத் தடுக்கிறது. மேற்குக் காற்று தளர்ந்த நாளில் சென்னைக்கு முற்பகலிலேயே ஆறுதல் கிடைத்துவிடும்; திருத்தணிக்கு மாலையில்தான் கிடைக்கும். அது வலுத்த நாளில் சென்னையே திருத்தணியாகிவிடும். நுங்கம்பாக்கத்தில் 31 மே 2003 அன்று பதிவான 45 டிகிரி அத்தகைய நாளின் கணக்கு. வங்கக்கடலில் புயல் உருவாகி வடக்கே நகர்ந்தால், அது ஈரத்தையும் தன்னோடு இழுத்துச் சென்றுவிடும். 2023 மே 14 அன்று மோக்கா புயல் மியான்மர் அருகே கரையைக் கடந்தபின் வடதமிழகம் கொதித்தது இதனால்தான். இவற்றையெல்லாம் ஆர்வலர்கள் நன்கறிவர். அறிந்தும், இறுதியில் '42.8' என்ற ஓர் எண்ணில் வந்து நின்றுவிடுகிறார்கள்.

அந்த எண் எதை அளக்கிறது? வானிலை நிலையத்தில், தரையிலிருந்து ஏறத்தாழ ஓர் ஆள் மார்பளவு உயரத்தில், சுற்றிலும் சட்டப்பலகை வைத்த வெள்ளைப் பெட்டிக்குள் இருக்கும் வெப்பமானி காட்டுவது அது. நேர்வெயில் அதன்மேல் விழாது. நாம் படிப்பது நிழலின் கணக்கு. சித்திரைப் பிரம்மோற்சவத்துக்கு வருகிறவர் வெறுங்காலோடு மிதிக்கும் கருங்கல் படியின் சூடு அதில் இல்லை. அந்த நிழல் எண்ணையும் நம் நாளிதழ்கள் ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றி, நூறைத் தாண்டினால் 'வெயில் சதமடித்தது' என்று கிரிக்கெட் மொழியில் தலைப்பிடுகின்றன. 37.8 டிகிரி செல்சியஸ் என்பதற்கு வானிலையியலில் தனிப்பொருள் ஏதும் இல்லை. பழைய அளவுகோலில் அது முழு எண்ணாக இருக்கிறது, அவ்வளவே. சதமடித்த ஊர்களின் பட்டியலில் முதலிடம் யாருக்கு என்ற ஆவல் மெல்ல ஆர்வலர்களையும் பற்றிக்கொள்கிறது. எண்ணின்மேல் வைக்கும் நம்பிக்கைக்கும் எல்லை உண்டு. 29 மே 2024 அன்று தில்லியின் முங்கேஷ்பூர் தானியங்கி நிலையம் 52.9 டிகிரி காட்டியதும் நாடே வியந்தது. உணரி 3 டிகிரி கூடுதலாகக் காட்டியது என்பது பின்னர் ஆய்வில் தெரியவந்தது.

இதைவிடக் கவலைக்குரியது 'இயல்பு' என்னும் சொல். சமவெளியில் வெப்பம் குறைந்தது 40 டிகிரியைத் தொட்டு, இயல்பைவிட 4.5 டிகிரி கூடினால்தான் இந்திய வானிலைத் துறை வெப்ப அலை என்கிறது. அல்லது வெப்பம் 45 டிகிரியை எட்ட வேண்டும். ஓர் ஊரின் மே மாத இயல்பு 39 என்று வைத்துக்கொண்டால், 43.5 தொடும்வரை அங்கே அலை இல்லை. அதாவது, எப்போதும் வேகும் ஊர் வழக்கம்போல் வெந்தால் அது செய்தியாகாது. இயல்பு என்பதும் முப்பது ஆண்டுகளின் சராசரிதான். இப்போது கையாளப்படுவது 1991 முதல் 2020 வரையிலான காலம். பூமி சூடேறச் சூடேற இயல்பும் ஏறும். இயல்பு ஏறினால் அதிலிருந்து விலகல் குறையும். நேற்றைய கொடுமை இன்றைய சராசரியாகிவிடும். 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறப்போரின் குடும்பத்துக்கு 4 இலட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. எது வெப்ப அலை என்பது அன்றிலிருந்து ஏட்டுவினா அன்று. ஒரு குடும்பத்தின் அடுத்த வேளைச் சோறு அந்த வினாவோடு சேர்ந்துவிட்டது.

திருத்தணிக்கு எல்லையும் ஒரு சிக்கல். மங்கலங்கிழாரும் ம.பொ.சி.யும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக, படாஸ்கர் பரிந்துரைப்படி 1 ஏப்ரல் 1960 அன்று இவ்வூர் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. தமிழர்க்கு அது பெருமை. வெயிலோ எந்த ஆணையத்தின் முன்பும் சாட்சி சொல்ல வந்ததில்லை. திருத்தணியின் காற்று நகரியின் காற்று, சித்தூரின் காற்று. வானிலைத் துறையின் வகுப்பில் அவை இராயலசீமைக் கோட்டத்தில் இருக்க, திருத்தணி கன்னியாகுமரியோடு ஒரே கோட்டத்தில் இருக்கிறது. ஒரு கோட்டத்தில் குறைந்தது இரண்டு நிலையங்களில் தொடர்ந்து இரண்டு நாள் அந்நிலை நீடித்தால்தான், இரண்டாம் நாளில் வெப்ப அலை அறிவிக்கப்படும். அப்படிப் பார்க்கையில் திருத்தணிக்குத் துணைநிற்க வேண்டிய நிலையம் எல்லைக்கு அப்பால் போய்விடுகிறது. அப்பால் உள்ள ஆந்திரப் பேரிடர் மேலாண்மை ஆணையமோ, எத்தனை மண்டலங்களில் கடும் வடகாலி வீசும் என்று மண்டலவாரியாகவே அறிவிக்கிறது. வடகாலி என்பது தெலுங்கில் அனல்காற்றுக்கு வழங்கும் சொல். இருமொழியும் புழங்கும் திருத்தணிக் கடைத்தெருவில் அச்சொல்லுக்குப் பொருள் கேட்பவர் இரார்.

சொல் என்னும்போதுதான் நாம் சொல்லவந்த இடத்துக்கு வருகிறோம். தமிழில் வெப்பம் ஒன்றன்று. வெயில் மேலிருந்து நேராக அடிப்பது. அனல் காற்றோடு வந்து முகத்தில் அறைவது. புழுக்கம் காற்றில் ஈரம் மிகுந்து வியர்வை உலராமல் திணறுவது. வெக்கை பொழுது சாய்ந்தபின்னும் சுவரிலிருந்தும் தரையிலிருந்தும் எழுவது. படிப்பறியாத மூதாட்டியும் இவற்றை ஒன்றுக்கொன்று மாற்றிச் சொல்லமாட்டார். அறிவியல் இந்நான்கையும் தனித்தனியே அளக்கிறது: நேர்கதிர்வீச்சு, வறண்ட காற்றின் வெப்பமும் வேகமும், ஈரக்குமிழ் வெப்பநிலை, இரவின் குறைந்தபட்ச வெப்பம். மொழி பிரித்து வைத்ததை முன்னறிவிப்பு ஏன் மறுபடியும் ஒன்றாகக் குழைக்க வேண்டும்?

இது சொல்லாராய்ச்சி அன்று; உயிர்ப்பிரச்சினை. 42 டிகிரி வெப்பமும் 20 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால் ஈரக்குமிழ் வெப்பநிலை சுமார் 24. வெப்பம் 35 டிகிரியே ஆனாலும் ஈரப்பதம் 70 விழுக்காடு என்றால் அது சுமார் 30. முதலாவதில் வியர்வை உடனே உலரும். உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும், நீர் கிடைக்கும்வரை. இரண்டாவதில் எவ்வளவு நீர் குடித்தாலும் வியர்வை உடலிலேயே நிற்கும். முதலாவது அனல், இரண்டாவது புழுக்கம். முதலாவதற்கு மருந்து தண்ணீரும் நிழலும். இரண்டாவதற்குக் காற்றோட்டமும் வேலைநிறுத்தமும். திருத்தணியில் ஒரே நாளில் இரண்டும் வரக்கூடும்: நண்பகலில் அனல், கடற்காற்று எட்டிப்பார்க்கும் மாலையில் புழுக்கம். உச்ச எண் மட்டும் தெரிந்தவர் மாலை நான்கு மணிக்கு ஆபத்து நீங்கிற்று என்று நினைப்பார். அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டைப் பக்கத்தில், தகரக் கூரையின்கீழ் இரவு முழுக்க விசைத்தறி ஓட்டுகிறவருக்குப் பகலின் 43-ஐவிட இரவின் வெக்கைதான் பெரிய கேள்வி. செங்கல் சூளையில் நிற்பவருக்கு வெயில் ஒருபக்கம், சூளை மறுபக்கம். இவர்களுள் எவருக்கும் 42-க்கும் 43-க்கும் இடையிலான பந்தயத்தால் பயனில்லை.

எண் பொதுவானது, ஒப்பிடத்தக்கது. சொல் ஆளுக்கு ஆள் மாறுவது என்று மறுப்பார்கள். நியாயமான மறுப்பு. ஆனால் சொல்லையும் அளவோடு கட்டிவைக்க முடியும். 1805-இல் பிரான்சிஸ் போஃபோர்ட் காற்றைப் பாய்மரத்தின்மேல் அதன் விளைவைக்கொண்டு படிவரிசையாக்கினார். வேகத்தின் எண்கள் பின்னால் வந்து அதனுடன் சேர்ந்தன. உலகெங்கும் மாலுமிகள் அந்த அளவுகோலை ஏற்றனர். நம் கரையிலேயே புயல் கூண்டு இருக்கிறது. ஏழாம் எண் கூண்டு ஏறியது என்றால் காற்றழுத்தம் எத்தனை என்று மீனவர் கேட்பதில்லை, படகைக் கரையேற்றுகிறார். அங்கேயும் எண்தான் இருக்கிறது, ஆனால் அது செயலாக மாறிவிட்ட எண். வெயிலுக்கு அப்படி ஒரு கூண்டு நம்மிடம் இல்லை.

வானிலைத் துறை இத்திசையில் அடியெடுத்து வைக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிடும் வெப்பக் குறியீட்டை 2023-இல் பரிசோதனையாக வெளியிடத் தொடங்கியது. வெம்மையான இரவுக்கும் வரையறை வைத்திருக்கிறது. ஆனால் பகலில் 40 தொட்ட நாளில்தான் அந்த இரவு கணக்கில் வரும். 2010 மே மாத வெப்பத்தில் 1,300-க்கும் மேற்பட்ட கூடுதல் மரணங்களைக் கண்ட அகமதாபாத், 2013-இல் நகரளவில் வெப்பச் செயல்திட்டம் வகுத்தது. அது காட்டிய பாடம் எளிது: முன்னறிவிப்பு பயன்படுவது, அதைக் கேட்டவர் என்ன செய்ய வேண்டும் என்று தெரியும்போதுதான்.

இவ்விடத்தில் தன்னார்வலர்களால் துறையைவிட விரைந்து செயல்பட முடியும். கோட்டத்தின் எல்லை அவர்களைக் கட்டாது. படிவம் நிரப்பும் கடமையும் இல்லை. திருத்தணிக்கு நாளை 43 என்று எழுதும் ஆர்வலர் அதனோடு நான்கு வரி சேர்க்கலாம்: அனல் எத்தனை மணி முதல், கடற்காற்று எப்போது, வருமா வராதா, புழுக்கம் எவ்வளவு, இரவில் வெக்கை தணியுமா. கணினி மாதிரிகளில் இவற்றுக்கான தரவு இப்போதே இருக்கிறது. ஒன்பது கிலோமீட்டர்க் கட்டத்துக்குள் ஒரு குன்றின் நிழலைக் காணும் கண் அம்மாதிரிகளுக்கு இல்லை. ஊரறிந்த ஆர்வலருக்கு உண்டு. நாளையக் கணிப்பு சரியா என்பதை அரை டிகிரி வேறுபாட்டைக்கொண்டு மட்டும் பாராமல், கடற்காற்றின் நேரத்தைச் சரியாகச் சொன்னாரா என்பதைக்கொண்டும் அவர்கள் தமக்குள் மதிப்பிடட்டும். போட்டி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. போட்டி பயனுள்ள ஒன்றைப் பற்றி நடக்கட்டும் என்கிறோம்.

தணிகை என்று பெயர் வைத்தவர்கள் வெப்பமானி பார்த்துப் பெயர் வைக்கவில்லை. சினம் என்றாலும் சூடு என்றாலும் அது தணியும் வேளை ஒன்று உண்டு என்பதையே அப்பெயர் சொல்கிறது. உச்சம் எவ்வளவு என்பதை நம் முன்னறிவிப்புகள் போதுமான அளவு சொல்லிவிட்டன. எப்போது தணியும் என்பதை இனிச் சொல்லலாம். படியேறுகிறவருக்கும் தறியில் நிற்பவருக்கும் வேண்டியது அதுதான்.