தடை போட்டால் அமைதி வந்துவிடுமா?

"சாதி, மதம், கட்சி எதுவானாலும் ஊர்வலத்தால்தான் மோதல், எல்லாவற்றையும் தடை செய்தால் ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் நிம்மதியாக இருக்கும்" என்கிறார்கள். கலவரத்தில் முதலில் ஷட்டரை இறக்குகிறவர் சிறு வியாபாரிதான். ஆகவே கவலை நியாயமானது, முடிவு தவறு.

1. ஆயுதமின்றி அமைதியாகக் கூடுவது அரசியல் சாசனத்தின் 19ஆவது பிரிவு தரும் உரிமை. 1861ஆம் ஆண்டு போலீஸ் சட்டத்தின் 30ஆவது பிரிவு, ஊர்வலத்தின் பாதையையும் நேரத்தையும் வகுக்கப் போலீஸுக்கு அதிகாரம் தருகிறது. வகுப்பது வேறு, ஒழிப்பது வேறு.

2. எல்லோருக்கும் தடை என்பது நடைமுறையில் பலமில்லாதவனுக்கு மட்டுமே தடை. ஆளுங்கட்சி ஊர்வலத்தை எந்த இன்ஸ்பெக்டர் மறிப்பார்?

3. 2022இல் ஆர்.எஸ்.எஸ். அணிவகுப்புக்குத் தமிழக அரசு அனுமதி மறுத்தது. அனுமதி தந்த உயர் நீதிமன்ற உத்தரவை எதிர்த்த அரசின் மேல்முறையீட்டை 2023 ஏப்ரல் 11 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அதே மாதம் அணிவகுப்பு நடந்தது. மறுத்துச் சாதித்தது என்ன?

4. ஊர்வலத்தால் போக்குவரத்து நெரிசல் என்ற வாதமும் நிற்காது. ஆடிப்பூரத் தேரோட்டத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதிகளில் மின்சாரத்தை நிறுத்துகிறோம், வண்டிகளைத் திருப்பி விடுகிறோம். முன்கூட்டித் திட்டமிட்டால் முடிகிறதே!

5. நம்மைவிட ஆழமாகப் பிளவுபட்ட வட அயர்லாந்து 1998இல் ஊர்வலங்களுக்கென்றே தனி ஆணையம் அமைத்தது. 28 நாள் முன்னறிவிப்பு கட்டாயம். தகராறுள்ள பாதைக்கு நிபந்தனை விதிப்பது போலீஸ் அல்ல, ஆணையம்.

நமக்கும் அப்படியொரு ஏற்பாடுதான் தேவை: எல்லாத் தரப்புக்கும் ஒரே விதி, மறுத்தால் எழுத்தில் காரணம், உயர் நீதிமன்ற மதுரைக் கிளையை அணுகப் போதிய அவகாசம்.