ஓடத் தெரியாதவர்கள் தேவை

துப்பாக்கிச் சத்தம் நூறு மீட்டர் தூரம் போய்ச் சேர ஏறக்குறைய 0.29 விநாடி ஆகும்.

என்னடா, ஆரம்பமே பிசிக்ஸ் என்று அடுத்த பக்கத்துக்குத் தாவிவிடாதீர்கள். விஷயம் இருக்கிறது. பள்ளிக்கூட ஸ்போர்ட்ஸ் டே. நூறு மீட்டர் ஓட்டம். எல்லைக்கோட்டில் ஸ்டாப் வாட்சுடன் வரலாற்று ஆசிரியர். அந்தக் கோடியில் டுமீல்! சத்தம் காதில் விழுந்த பிறகு இவர் பட்டனை அமுக்குகிறார். பையன் அதற்குள் 0.29 விநாடி ஓடிவிட்டான். 11.6-ல் ஓடியவனுக்கு மைக்கில் 11.3 என்று அறிவிப்பு. ஹெட்மாஸ்டர் கைகுலுக்குகிறார். மாமா பேனா பரிசு தருகிறார். மூன்று மாதம் கழித்து எலெக்ட்ரானிக் டைமிங் வைத்த போட்டியில் ஓடி, 11.6 என்று போர்டில் பார்த்ததும் பையன் முகம் செத்துப் போகிறது. 'பஸ்ல வந்த அலுப்பு' என்கிறார்கள். அலுப்பும் இல்லை, திருஷ்டியும் இல்லை. சத்தத்தைக் கேட்டு அமுக்கக் கூடாது, புகையைப் பார்த்து அமுக்க வேண்டும். அவ்வளவுதான்.

0.29 பெரிய விஷயமா என்று கேட்பவர்களுக்கு: 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா 55.42 விநாடி. வெண்கலம் வாங்கிய ருமேனியப் பெண் 55.41. நூறில் ஒரு பங்கு!

நான் ஓட்டக்காரன் இல்லை. பஸ்ஸுக்குப் பின்னால் ஓடியதுதான் என் தடகள அனுபவம். படித்தது பி.காம். எதைப் பார்த்தாலும் பேலன்ஸ் ஷீட்டாகத் தெரிகிற வியாதி உண்டு. அந்த வியாதியை நம்பித்தான் எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கிறவர் ஒருநாள் என்னை நிறுத்தினார்.

"சார், நீங்க கணக்குப் படிச்சவரு. என் பொண்ணு பிளஸ் ஒன்னு. ஓடுது. ஓடுனா காலேஜ் சீட்டு ஃப்ரீயா குடுப்பாங்கன்றாங்க. டியூஷன் வாத்தியாரு, ஓடுனா மார்க் போயிடும்ன்றாரு. ரெண்டுல எது லாபம்னு பாத்துச் சொல்லுங்க."

பெட்டியில் கரி தள்ளிக்கொண்டே கேட்டார். லாபமா நஷ்டமா என்று சொல்ல முதலில் கணக்குப் புத்தகம் வேண்டுமே? பெண்ணைக் கேட்டேன்.

"400 மீட்டர் எவ்வளவும்மா?"

"அறுபதுங்கண்ணா."

"எங்கே ஓடினே?"

"நம்ம கிரவுண்ட்லதான். ரெண்டு ரவுண்டு."

அந்த கிரவுண்ட் 200 மீட்டர் என்று யார் அளந்தது? யாரும் இல்லை. எல்லோரும் சொல்கிறார்கள், அதனால் 200. ஞாயிற்றுக்கிழமை காலனிப் பையன்கள் நாலு பேர், ஒரு கொடிக்கயிறு, ஒரு டேப். உள் ஓரத்திலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி வளைவோடு வளைவாகக் கயிற்றைப் போட்டு, (ஸ்டேடியங்களில் முதல் லேனை அளப்பதும் அந்த 30 சென்டிமீட்டரில்தான்) பிறகு கயிற்றை நிமிர்த்தி அளந்தோம். 188 மீட்டர். இரண்டு ரவுண்டுக்கு 24 மீட்டர் துண்டு விழுகிறது. அவள் வேகத்துக்கு அது நாலு விநாடி. ஆக அவளுடைய 60, உண்மையில் 64.

பெண் ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு, "அப்ப மீதி 24 மீட்டருக்கு ஒரு கோடு போட்ருங்கண்ணா" என்றாள். எனக்குப் பிடித்துப் போனது.

நோட்டு ஒன்று வாங்கினோம். தேதி, என்ன ஓடினாள், எத்தனை முறை, நடுவில் எவ்வளவு ஓய்வு, எத்தனை மணி நேரம் தூங்கினாள், எங்கே வலி. இரண்டே வாரத்தில் அந்த நோட்டு பேச ஆரம்பித்தது. தினமும் பத்து ரவுண்டு ஓடியிருக்கிறாள். யாரோ சொன்னார்களாம், ஓட ஓட ஸ்டாமினா ஏறும் என்று. 400 மீட்டர்காரியை மாரத்தானுக்குத் தயார் செய்துகொண்டிருந்தார்கள்! மாவட்ட ஸ்டேடியத்துக் கோச்சிடம் நோட்டைக் கொண்டுபோய்க் காட்டினோம். (மாவட்டத் தலைநகரங்களில் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஸ்டேடியம் இருக்கிறது, சார். வாசலைத் தாண்டி உள்ளே போய்க் கேட்க வேண்டும், அதுதான் கஷ்டம்.) அவர் நோட்டைப் புரட்டிவிட்டு, "இதுல வேகமா ஓடுன நாள் எங்கே?" என்றார். ஒன்றுகூட இல்லை.

முழு வேகத்தில் ஓட உடம்பில் ரொக்கமாக இருக்கிற சரக்கு சில விநாடிகளுக்குத்தான் தாங்கும். அது திரும்ப நிரம்பச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் மறுபடி ஓட விட்டால் பையன் ஓடுவான், ஆனால் கடனில் ஓடுவான். வேகம் கற்க மாட்டான், களைப்பைத்தான் கற்பான். அதனால் கோச் எழுதிக் கொடுத்தது இப்படி: வாரத்தில் மூன்று நாள் வேகம், நடுவில் லேசான நாட்கள், ஞாயிறு முழு ஓய்வு. ஒரு 150 மீட்டர் ஓடினால் அடுத்த ஓட்டத்துக்கு முன் ஆறு நிமிடம் சும்மா நடக்க வேண்டும். அப்பாவுக்கு இது பொறுக்கவில்லை. "என்ன சார், வந்ததுலேருந்து நடந்துகிட்டே இருக்கா?"

400 மீட்டர் இருக்கிறதே, அது சம்பளக்காரன் மாதம் மாதிரி. முதல் தேதி ராஜா. இருபதாம் தேதி கைமாற்று. எங்கள் பெண் முதல் 200-ஐ 29.4-ல் பறந்துவிட்டு இரண்டாவது 200-க்கு 34.8 எடுத்துக்கொண்டிருந்தாள். கடைசி எண்பது மீட்டரில் காலில் சிமெண்ட் மூட்டை. முதல் பாதியை 30.5-ல் ஓடச் சொன்னார் கோச். ஒரு விநாடி மிச்சம் பிடி, கடைசியில் இரண்டு விநாடி வட்டி வரும். இதைக் கற்றுக்கொடுக்கப் பெரிய ஞானம் வேண்டாம். 200 மீட்டர் குறியில் ஒரு ஆள் வாட்சுடன் நின்று, கடக்கும்போது நேரத்தைக் கத்த வேண்டும். ஓடத் தெரியாத ஆள் போதும்! ஆறு வாரத்தில் 62.9.

ஆனால் நடுவில் மூன்று வாரம் நேரம் ஒரு இஞ்ச் நகரவில்லை. நோட்டில் 'மூச்சு வாங்குது', 'தலை சுத்துது' என்று வரிசையாக எழுதியிருந்தாள். கோச் ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார். ஹீமோகுளோபின் 9.8. அவள் வயதில் 12 இருக்க வேண்டும். 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பள்ளியில் வாரம் ஒரு இரும்புச் சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். 'வாயெல்லாம் கசக்குது' என்று நம் பெண்கள் அதை ஜன்னல் வழியாக வெளியே விடுகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, "மாத்திரை போட்டதும் டீ குடிக்காதே" என்றார், டீ இரும்பைச் சேர விடாதாம். கீரை, வேர்க்கடலை உருண்டை, முடிந்த நாளில் முட்டை. பக்கத்துத் தெரு ஜிம்மில் ஒருத்தர் டப்பாவில் பவுடர் தருகிறேன் என்றார். பிளஸ் ஒன் பெண்ணுக்கு லேபிளே படிக்க முடியாத பவுடர் எதற்கு? அதில் தடை செய்த மருந்து கலந்திருந்து பரிசோதனையில் மாட்டினால், பொறுப்பு டப்பாவுக்கு இல்லை, ஓடினவளுக்குத்தான்.

இன்னொரு விஷயம், ஸ்டார்ட். 2010 முதல் சர்வதேச விதிப்படி ஒரு தடவை முந்தினால் அவுட், மறு வாய்ப்பு கிடையாது. 2011-ல் தேகு உலகப் போட்டியில் நூறு மீட்டர் இறுதி ஓட்டத்தில் உசேன் போல்ட்டையே வெளியே அனுப்பினார்கள். நம் பிள்ளைகள் பள்ளியில் 'ரெடி ஒன் டூ த்ரீ' விசிலில் பழகிவிட்டு, பெரிய போட்டியில் முதல்முறையாகத் துப்பாக்கியையும் ஸ்டார்ட்டிங் பிளாக்கையும் பார்த்து மிரளுகிறார்கள். மருந்து சுலபம். இரண்டு மரப்பலகை எடுத்துக்கொள்ளுங்கள். 'செட்' சொல்லிவிட்டு ஒரு முறை சீக்கிரம் தட்டுங்கள், ஒரு முறை தாமதமாக, ஒரு முறை தட்டாமலே இருங்கள். வாக்கிங் வருகிற பெரியவர்கள் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

இதெல்லாம் சின்ன விஷயமாகத் தெரிந்தால் மதுரைப் பக்கம் சக்கிமங்கலத்து ரேவதி வீரமணியை நினைத்துக்கொள்ளுங்கள். பெற்றோர் இல்லை, பாட்டி வளர்த்தார். பள்ளிப் போட்டியில் வெறுங்காலோடு ஓடியவரைக் கவனித்தது கோச் கண்ணன். பாட்டிக்கு முதலில் சம்மதமில்லை. கோச் விடாமல் போய்ப் பேசி, மதுரை லேடி டோக் கல்லூரியில் இடமும் தங்க வசதியும் கிடைக்க ஏற்பாடு செய்தார். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கின் கலப்பு 4x400 தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடிய நாலு பேரில் அவர் ஒருவர். கூட ஓடிய சுபா வெங்கடேசனும் ஆரோக்கிய ராஜீவும் திருச்சிப் பக்கம். நாலில் மூன்று பேர் நம்மவர்கள். வேகம் கிராமத்திலேயே இருந்தது. அந்த வயதில் கல்லூரி வாசல் வரை கூட நடக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது.

கல்லூரி என்றதும் நம்ம டிபார்ட்மென்ட் வந்துவிட்டது. காகிதம்! தமிழ்நாட்டு இன்ஜினீயரிங் கவுன்சலிங்கில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடம். அரசு வேலையில் 3 சதவீதம். கலைக் கல்லூரிகள் பலவும் பிளஸ் டூ முடிந்ததும் ஓட விட்டுப் பார்த்து இடம் தருகின்றன. எல்லா இடத்திலும் முதல் கேள்வி, 'சர்ட்டிபிகேட் யார் கொடுத்தது?' பள்ளிக் கல்வித் துறையின் குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போகிற போட்டியா, அங்கீகாரம் பெற்ற தடகளச் சங்கத்துப் போட்டியா என்று பார்ப்பார்கள். இஸ்திரிக்காரர் போனுக்கு ஒரு வாட்ஸ்அப் வந்தது. 'சர்வதேசப் போட்டி, 12 ஆயிரம் ரூபாய் கட்டினால் பெண்ணை அழைத்துப் போகிறோம், மெடல் நிச்சயம்.' ஓடுவதற்கு முன்பே மெடல் நிச்சயம் என்றால் அது போட்டி இல்லை, சீட்டுக் கம்பெனி. அந்தக் காகிதத்தை அட்மிஷன் மேஜையில் திருப்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். 12 ஆயிரத்துக்கு எத்தனை சட்டை தேய்க்க வேண்டும் என்று அவரே கணக்குப் போட்டுவிட்டு நம்பரை பிளாக் செய்தார்.

சர்ட்டிபிகேட்டில் பெயரின் இனிஷியலும் பிறந்த தேதியும் பள்ளி ரெகார்டோடு ஒத்துப்போகிறதா என்று வாங்கிய அன்றே பாருங்கள். லாமினேட் செய்யாதீர்கள். போட்டோ எடுத்து வையுங்கள். வயதைக் குறைத்துக் காட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காது கேட்காத மாதிரி நடந்து போங்கள். இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்க்கிறார்கள். தாசில்தாரிடம் பேசலாம், எலும்பிடம் பேச முடியாது.

கல்லூரிக்காரர்கள் கேட்பது இருக்கட்டும், நாம் கேட்க வேண்டியது? அப்பாவுக்கு நாலு கேள்வி எழுதிக் கொடுத்தேன். 'ஃப்ரீ' என்றால் டியூஷன் ஃபீஸ் மட்டுமா, ஹாஸ்டலும் சாப்பாடும் சேர்த்தா? மூன்று வருஷத்துக்குமா, முதல் வருஷத்துக்கு மட்டுமா? நடுவில் கால் பிசகி ஒரு வருஷம் ஓட முடியாவிட்டால் பணம் கேட்பீர்களா? இதையெல்லாம் எழுதித் தருவீர்களா? ஐந்தாவது கேள்வி பெண்ணுக்கு. காலை ஆறு மணிக்கு அந்தக் கல்லூரி மைதானத்துக்குப் போ, மூன்றாம் வருஷத்து அக்காக்கள் இன்னும் ஓடுகிறார்களா என்று பார். முதல் வருஷம் எல்லோரும் ஓடுவார்கள்.

டியூஷன் வாத்தியார் விவகாரமும் நோட்டிலேயே தீர்ந்தது. இரவு பதினொன்றரைக்குப் படுத்து நாலரைக்கு எழுந்த வாரங்களில் ஓட்டமும் இல்லை, மாதத் தேர்வில் மார்க்கும் இல்லை. இந்த வயதுக்கு எட்டு மணி நேரத் தூக்கம் குறைந்தபட்சம். நோட்டைக் காட்டியதும் வாத்தியார் காலை வகுப்பிலிருந்து அவளை விடுவித்து, சாயங்காலம் அரை மணி கூடுதலாக உட்கார வைத்தார். நல்ல மனிதர். கணக்கில் காட்டினால் கணக்கு வாத்தியார் ஒப்புக்கொள்ளத்தானே வேண்டும்?

லாபமா நஷ்டமா என்று அப்பா இப்போது கேட்பதில்லை. வண்டிக்குப் பின்னால் ஆணியில் அந்த நோட்டு தொங்குகிறது. சட்டை வாங்க வருகிறவர்களெல்லாம் புரட்டிப் பார்க்கிறார்கள். அவரும் தடுப்பதில்லை.

அடுத்த வாரம் மாவட்டப் போட்டி. கடைசி வாரம் ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்தாயிற்று. ஸ்பைக்ஸ் புதிதாக வாங்கவில்லை, ஆறு வாரமாகப் போட்டுப் பழகியதுதான். சின்தெடிக் டிராக் என்பதால் ஆணிகளின் நீளம் 9 மில்லிமீட்டர் தாண்டக் கூடாது, பார்த்துவிட்டோம். முதல் நாள் ராத்திரி பஸ் ஸ்டாண்டு பரோட்டா கிடையாது. ஓட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் இட்லி. பையில் தண்ணீர், உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட், துண்டு, ஒரிஜினல் பிறப்புச் சான்றிதழ், ஹெட்மாஸ்டர் கையெழுத்திட்ட படிவம், அப்புறம் நாலு ஊக்கு. நெஞ்சில் குத்துகிற நம்பர் துணியை அங்கே தருவார்கள், ஊக்கு தர மாட்டார்கள்.