யார் கண்டது என்று கேட்கிறார்கள்!

குரங்கு மனிதனானதை யாரும் கண்டதில்லை. ஆகவே டார்வின் கொள்கை தவறு. பாடப் புத்தகத்திலிருந்து அதை எடுத்துவிட வேண்டும்! 2018 ஜனவரியில் இப்படிப் பேசியவர் தெருமுனை ஜோசியர் அல்ல. அன்றைய மத்திய மனிதவள இலாகா ராஜாங்க மந்திரி சத்யபால் சிங். நாட்டின் மூன்று விஞ்ஞான அகாதமிகளும் கூட்டாக அறிக்கை விட்டு அதை மறுத்தன.

விஞ்ஞானிகள் ஏன் இக்கொள்கையை ஏற்கிறார்கள்? 1859-ல் டார்வின் என்ற பெரிய மனிதர் எழுதிவிட்டார் என்பதற்காகவா? இல்லை. சோதித்த இடமெல்லாம் அது தேறி நிற்கிறது என்பதற்காகவே.

பஞ்சாலை நகரான மான்செஸ்டரைப் பாருங்கள். அங்கே வெளிர்நிற அந்துப்பூச்சி ஒன்று உண்டு. பாசி படர்ந்த மரத்தில் உட்கார்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆலைப் புகை மரங்களைக் கரியாக்கியது. வெளிர் பூச்சி பளிச்சென்று தெரிந்து பறவைக்கு இரையானது. கறுப்புப் பூச்சி தப்பியது. 1848-ல் அபூர்வமாக அகப்பட்ட கறுப்பு, 1895-ல் நூற்றுக்குச் சுமார் 98 ஆயிற்று! 1956-ல் புகையைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்தது. காற்றுத் தெளியத் தெளிய, வெளிர்நிறம் மீண்டும் பெருகியது.

நமது வயலுக்கு வருவோம். 2002-ல் பி.டி. பருத்தி வந்தது. புழுவைக் கொல்லும் விஷம் செடியிலேயே இருந்தது. பத்து ஆண்டுகள்கூட ஆகவில்லை; குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதைத் தின்று பிழைத்தது. புழுக்கள் கூட்டம் போட்டுத் தீர்மானிக்கவில்லை! ஏதோ சில புழுக்கள் இயல்பிலேயே விஷத்தைத் தாங்கின, மற்றவை செத்தன. தாங்கியவற்றின் சந்ததியே வயலை நிறைத்தது. பரிணாமத்தின் அடிப்படை வேலை இதுதான்.

சில ஆண்டுகளில் இவ்வளவு என்றால், கோடிக்கணக்கான ஆண்டுகளில்? மீனிலிருந்து தரைப் பிராணி வந்திருந்தால், இடைப்பட்ட பிராணி ஒன்று சுமார் 37½ கோடி ஆண்டுப் பழமையான பாறையில் இருக்க வேண்டும் என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். கனடாவின் வடகோடியில் தேடினார்கள். 2004-ல் கிடைத்தது! செதிலும் உண்டு, கழுத்தும் உண்டு, துடுப்புக்குள் கை எலும்பும் உண்டு. டிக்டாலிக் என்று பெயர். இது ஜோசியமா? ஜோசியம் இப்படிப் பலிப்பதில்லை.

இன்றைய குரங்கு மனிதனாயிற்று என்று எந்த விஞ்ஞானியும் சொல்லவில்லை. இருவருக்கும் மூதாதை ஒன்று என்பதே கொள்கை. மனிதர் அனைவரும் ஒரே வழி வந்தவர்கள். தலையில் பிறந்தவன், காலில் பிறந்தவன் என்று பேதம் பேசிப் பிழைப்போருக்கு இது கசக்காதா?

2023-ல் என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பரிணாமப் பகுதி நீக்கப்பட்டது. 1,800-க்கு மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு ஆட்சேபித்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் இருக்கிறதே என்கிறார்கள். பத்தோடு படிப்பை நிறுத்தி ஆலைக்கும் வயலுக்கும் வருவது யார் வீட்டுப் பிள்ளை?

தோழர்களே! கூலியைப் பறிப்பவனை நமக்குத் தெரியும். நம் பிள்ளையின் அறிவைப் பறிப்பவனையும் தெரிந்துகொள்வோம். நீக்கிய பாடத்தைத் திரும்ப வை என்று சங்கக் கூட்டங்களில் தீர்மானம் போடுங்கள்!