நாமே போடுவோம் நாற்காலி

1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் ஒரு திருத்தம் வந்தது. கடைப் பணியாளர் அனைவருக்கும் உட்கார இருக்கை தர வேண்டும் என்பதே அது. கேரளத்தில் 2018-லேயே இவ்விதி வந்துவிட்டது. ஆயினும் நம் மளிகைக் கடைகள் பலவற்றில் இன்றும் கல்லாவுக்கு மட்டும்தான் நாற்காலி.

ஆள் உட்கார்ந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்பார் சிலர். சட்டம் நாள் முழுதும் உட்காரச் சொல்லவில்லை. வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரலாம் என்கிறது. காலை முதல் இரவு வரை நின்றே பொட்டலம் கட்டினால் கால் வீங்கும். தொழில் பழகிய ஆள் வேறு வேலை தேடுவார். நட்டம் நமக்கே.

குறுகிய கடைக்கு ஒரு மடக்கு நாற்காலி போதும். ஆய்வாளர் வந்து கேட்குமுன் நாமே போட்டுவிடுவோம். அதிகாரிகளும் சிறு வணிகருக்கு முதலில் விதியை எடுத்துச் சொல்லட்டும். நடவடிக்கை அதற்குப் பிறகு இருக்கட்டும்.