பாச்சையுருண்டையும் மீக்கடத்தலும்

உடுமலைப்பேட்டையைச் சுற்றிலும் நிற்கும் காற்றாலைகளை அறியாதார் நம்முள் இலர். அவை பிறப்பிக்கும் மின்சாரத்தில் ஒரு பகுதி, நூற்பாலைகளை எட்டுமுன்பே கம்பியின் தடையால் வெப்பமாகி வீணாகின்றது. தடையற்ற பொருள் உண்டோ எனின், உண்டு. 1911-ஆம் ஆண்டில் ஹாலந்து தேசத்துக் காமர்லிங் ஓனஸ், பாதரசத்தை 4.2 கெல்வின் அளவிற்குக் குளிர்வித்தபோது அதன் மின்தடை மறையக் கண்டார். இந்நிலையே மீக்கடத்தல்.

துணிப்பெட்டியில் நாம் இடும் பாச்சையுருண்டையின் நாப்தலீனில், கரியும் ஹைட்ரஜனுமாகிய பென்ஸீன் வளையங்கள் இரண்டு ஒட்டியுள்ளன. அவ்வினத்தில் ஐந்து வளையமுடையது பைசீன். அதனுள் பொட்டாசியத்தைப் புகுத்தினால் 7 கெல்வினிலும் 18 கெல்வினிலும் மீக்கடத்தல் தோன்றுகின்றதென்று, ஜப்பானிய ஒகயாமா சர்வகலாசாலையார் 2010-இல் அறிவித்தனர். மறு ஆண்டில் மூன்று வளையமுடைய பெனாந்த்ரீனைப் பற்றிச் சீனத்தார் அவ்வாறே கூறினர். 2017-இல் டெர்பினைல் என்னும் பொருளில் 120 கெல்வின் என்ற பேச்சும் எழுந்தது!

இம்முயற்சிகளை யாம் இகழோம். ஆயினும் ஆய்ந்த தூளில் சிறு பகுதியே அக்குணம் காட்டிற்று; மற்றோர் செய்து பார்த்தபோது அம்முடிவு எளிதில் கிட்டவில்லை. பொட்டாசியமோ காற்றுப்பட்டால் கெடும்; சூடேற்றுங்கால் மூலக்கூற்றையே சிதைத்தலும் உண்டு. பொட்டாசியம் புகுந்த பைசீனின் படிக அமைப்பு 2017-இல்தான், பொட்டாசியம் ஹைட்ரைடைக் கையாண்டு அறியப்பட்டது. வீட்டைக் காணாமலே குடியிருப்போரைக் குறித்து ஏழாண்டு வாதிட்டது போலாயிற்று.

வத்திராயிருப்பிற் பிறந்து, மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்ற கே. எஸ். கிருஷ்ணன் சென்ற வழி வேறு. அவர் தூளை நாடினாரல்லர். நாப்தலீன், ஆந்த்ரஸீன் முதலியவற்றின் ஒற்றைப் படிகத்தை மெல்லிய இழையில் தொங்கவிட்டுக் காந்தப் புலத்தில் அது திரும்பும் பாங்கை அளந்தார். திசைதோறும் வேறுபடும் காந்த குணத்தினின்று, உள்ளே மூலக்கூறுகள் சாய்ந்து கிடக்கும் நிலையை உய்த்துணர்ந்தார். குகா, பானர்ஜி என்பாருடன் அவர் எழுதிய கட்டுரை 1933-இல் இலண்டனில் வெளியாயிற்று. ஆரவாரமற்ற அவ்வளவைகளையே யாம் பெரிதும் மதிக்கின்றோம்.

நம் பரிசோதனைச் சாலையிலோ, நூலிற் கண்ட விடை வரும்வரை எண்களைத் திருத்தும் மாணவர் சிலர் உளர். குறை அவர்பால் மட்டுமன்று. அவ்விடைக்கே மதிப்பெண் தருகின்றோம். வரும் ஆண்டு முதல், "விடை வரவில்லை" என்று உள்ளவாறே எழுதி, தான் செய்த முறையையும் குறித்த ஏட்டிற்கு முழு மதிப்பெண் வழங்குமாறு ஆசிரியப் பெருமக்களை வேண்டுகின்றோம்.